நாற்பத்தொரு கேள்வியும் ஓர் உப்புச் சுவரும்

1. உப்புத்தாள் சத்தம்

ஜவ்வாது மலைமேல் இருக்கும் புதூர்நாட்டில் நாங்கள் குடியேறிய முதல் நாள் மாலை, ஐந்தரை மணி இருக்கும், யாரோ வெளியிலிருந்து எங்கள் வீட்டுச் சுவரை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார்கள். ஒரு ஆள் தேய்க்கிற சத்தம் இல்லை. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, மூச்சு விடாமல் தேய்க்கிற சத்தம்.

என் மனைவி ரோசி டிரங்குப் பெட்டியிலிருந்து பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க சத்தம்?" என்றாள்.

"வீட்டுக்காரர் ஆள் விட்டு ஃபினிஷிங் வேலை பாக்குறார்னு நெனைக்கிறேன். நல்ல மனுசன்" என்றேன்.

ரோசி ஜன்னலைத் திறந்தாள். ஓர் ஆட்டுத் தலை உள்ளே வந்தது. அது அவளைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, எங்களிடம் பேச ஒன்றும் இல்லை என்று முடிவு செய்து வெளியே போனது. எட்டிப் பார்த்தேன். வீட்டைச் சுற்றி முப்பது ஆடுகளுக்குக் குறையாது. நான்கைந்து மாடுகளும் இருந்தன. எல்லாம் சுவரைப் பார்த்து வரிசையாக நின்று, கண்ணை மூடிக்கொண்டு, சுவரை நக்கிக்கொண்டிருந்தன.

சற்றுத் தள்ளி ஒரு கல்லின் மேல் கோலோடு உட்கார்ந்திருந்த அம்மாள் எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். பக்கத்துக் கொல்லையில் குடியிருக்கும் வெள்ளையம்மா. ஆடுகள் அவருடையவை.

"கால்மணி நேரந்தான் சார். நக்கிட்டுப் போய்டும்" என்றார்.

"தெனமுமா?"

"தெனமுந்தான். மேச்சலுக்குப் போய்ட்டு வந்தா அதுங்களுக்கு இங்க ஒரு நக்கு நக்கிட்டுத்தான் பட்டிக்குப் போவணும்."

ரோசி என் பக்கம் திரும்பினாள். திருமணமாகி மூன்று வருடத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒரு பார்வை. அந்த வீட்டை முறைப்படி ஆய்வு செய்து, நாற்பத்தொரு கேள்வி கேட்டு, "குடியிருக்கத் தகுதியானது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

2. படிவம் வளர்ந்த விதம்

எழுபதுகளில் நான் ஓர் அரசுத் துறையில் ஓவர்சீயர். சென்னையில் எனக்குக் கொடுத்திருந்த வேலை பழைய அடுக்கு வீடுகளைப் பார்ப்பது. ஊழியர்கள் குடியிருக்கத் தனியார் ஃப்ளாட்டுகளைத் துறை லீசுக்கு எடுக்கும். எடுக்கும் முன் நான் போய்த் தட்டிப் பார்த்து, மோந்து பார்த்து, சர்ட்டிபிகேட் கொடுக்க வேண்டும்.

முதல் நாளே சொதப்பினேன். திருவல்லிக்கேணியில் இரண்டாம் மாடி ஃப்ளாட். சுவர் அருமை, தரை அருமை, காற்று அருமை. கையெழுத்துப் போட்டேன். குடிபோன கிளார்க்கின் கட்டில் படிக்கட்டில் திரும்பவில்லை. கயிறு கட்டி வெளியே தூக்கினார்கள். முதல் மாடி வரைக்கும் வந்து, அங்கே துணி காயப்போடும் கம்பியில் மாட்டிக்கொண்டது. சாயங்காலம் வரை கட்டில் அந்தரத்தில் நின்றது. தெருவே கூடி யோசனை சொன்னது.

மறுநாள் எங்கள் ஏ.ஈ., அதாவது உதவி இன்ஜினீயர், என்னைக் கூப்பிட்டார்.

"இன்னாய்யா ஞானராஜ், வூடு பாத்தியே, வாசப்படி பாத்தியா?"

அன்றைக்கு ஒரு வெள்ளைத்தாளில் முதல் கேள்வியை எழுதினேன்: கட்டில் ஏறுமா?

அதற்குப் பிறகு ஒவ்வொரு திட்டுக்கும் ஒரு கேள்வி சேர்ந்தது. எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்தால் தண்ணீர் வருமா? ஸ்விட்சைத் தொட்டால் சுடுகிறதா? மேல்வீட்டில் குளித்தால் கீழ்வீட்டில் சொட்டுமா? ஒரே ஒரு மூலையில் மட்டும் புதுச் சுண்ணாம்பு அடித்திருக்கிறதா, அடித்திருந்தால் அங்கே எதை மறைத்திருக்கிறார்கள்? கக்கூஸ் கதவை மூடிவிட்டு உள்ளே ஒரு ஆள் உட்கார முடியுமா? இந்தக் கடைசிக் கேள்வி புரசைவாக்கத்தில் கிடைத்தது. அங்கே கதவை மூடினால் ஆளுக்கு இடமில்லை, ஆள் உட்கார்ந்தால் கதவுக்கு இடமில்லை.

இப்படி நாற்பத்தொரு கேள்வி. நாற்பத்தொரு திட்டு. அதை ஸ்டென்சில் வெட்டிப் படிவமாகவே ஆக்கிவிட்டார்கள். மற்ற பிரிவுகளிலிருந்து ஆட்கள் வந்து கேட்டு வாங்கிப் போனார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறியது. இதை மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஊருக்கெல்லாம் வீடு பார்த்த எனக்கு வீடு கிடையாது. நான் மேன்சனில் ஓர் அறையில் மூன்று பேரோடு இருந்தேன். ரோசி போளூரில் டீச்சர், அவள் அம்மா வீட்டில் இருந்தாள். சனிக்கிழமை பஸ் பிடித்துப் போய், ஞாயிறு கோயிலுக்குப் போய், சாப்பிட்டுவிட்டு ஓடி வரும் குடித்தனம். சென்னைக்கு அவளுக்கு மாறுதல் கேட்டு மூன்று வருடம் மனு போட்டோம். ஒரு பதிலும் இல்லை. மலைக்கு மாறுதல் கேட்டால் மட்டும் உடனே கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். நான் ஜவ்வாது மலை ரோடு வேலைக்கு எழுதிக் கொடுத்தேன், அவள் புதூர்நாட்டுப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தாள். இரண்டும் கிடைத்தன. சொன்னது பொய்யில்லை. மலைக்குப் போகிறேன் என்பவனை யாரும் தடுப்பதில்லை.

எனக்கு அங்கே மூன்று வருடம் போட்டிருந்தார்கள். ரோசிக்கு ஒரு நிபந்தனை. போளூரில் விடுவித்த நாளிலிருந்து பத்து நாளுக்குள் மலைப் பள்ளியில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் ஆர்டர் ரத்து, போளூருக்கே திரும்பிவிட வேண்டும். அதாவது இன்னும் மூன்று வருடம் சனிக்கிழமைக் குடித்தனம்.

"வூடு மட்டும் சரியா பாருங்க. குடியிருக்க முடியும்னு தெரிஞ்ச பொறவுதான் கையெழுத்துப் போடுவேன். போட்டுட்டா அப்புறம் திரும்ப முடியாது" என்றாள்.

"யார்கிட்ட சொல்ற?" என்றேன்.

3. மாணிக்கத்தின் பதில்கள்

புதூர்நாட்டில் அப்போது வாடகைக்கு இருந்த ஒரே செங்கல் வீடு மாணிக்கத்தினுடையது. மாணிக்கம் திருப்பத்தூரில் புளி மண்டி வைத்திருந்தார். மலையில் வாங்கும் புளியைச் சேர்த்து வைக்க அந்தக் காலத்தில் அவர் அப்பா கட்டிய கட்டடம். கல் அஸ்திவாரம், செங்கல் சுவர், மேலே ஓடு. நடுவில் ஒரு தடுப்புச் சுவர் வைத்து வீடாக்கியிருந்தார்.

திருப்பத்தூரிலிருந்து ஜீப் பதினொரு மணிக்கு வந்து சேரும், ஒரு மணிக்கு இறங்கிவிடும். அந்த இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வை முடிக்க வேண்டும். ரசமட்டம், தூக்குக்குண்டு, டார்ச் லைட், படிவம் எல்லாம் எடுத்துப் போயிருந்தேன். மாணிக்கம் கூடவே வந்தார்.

"மாடிப்படியில விளக்கு உண்டா?" என்று கேட்டேன்.

"மாடியே கெடையாது சார்."

"உண்டா, இல்லையா?"

"இல்ல சார்."

'இல்லை' என்று எழுதி, குறை என்று சிவப்பு மையில் வட்டம் போட்டேன்.

"மேல்வீட்டுக்காரங்களால தொல்லை?"

"மேல ஓடுதான் சார். ஓட்டு மேல கொரங்குங்க வரும் போவும். ஒரே எடத்துல குந்திக்கினு இருக்காது."

'மேல்வீட்டில் குடியிருப்பு உண்டு, நிரந்தரமில்லை' என்று எழுதினேன்.

"தண்ணி எத்தனை மணிக்கு வரும்?"

"கெணறு தோ அங்க கீது சார். நீங்க எப்ப போறீங்களோ அப்ப வரும்."

"அக்கம்பக்கத்துல சத்தம்?"

"நீங்களே பாருங்க சார். ஒரு ஜீவன் இருக்குதா?"

உண்மைதான். ஒரு ஜீவன் இல்லை. ஆடு, மாடு, ஆள் எல்லாம் மலைமேல் இருந்தன. இதே கேள்விக்குச் சென்னையில் நான் சாயங்காலம் இன்னொரு முறை போய்ப் பார்ப்பேன், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவேன். இங்கே ஒரு மணிக்கு ஜீப் போய்விடும். பக்கத்து வீட்டில் ஆள் இல்லை. டிக் அடித்தேன்.

"முன்ன குடியிருந்தவங்க ஏன் காலி பண்ணாங்க?"

"ஒரு ஃபாரஸ்ட் கார்டு இருந்தாரு சார். மாத்தலாயிடிச்சி."

மாறுதலைக் கேட்டு வாங்கினார் என்பதும், எட்டே நாள்தான் இருந்தார் என்பதும் எனக்குப் பிற்பாடு தெரியவந்தது. மாணிக்கம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

பிறகு வெளிப்புறம் போனேன். அங்கேதான் அசந்து போனேன். சுவரின் கீழ்ப்பாதி, இடுப்பு உயரத்துக்கு, வீட்டைச் சுற்றிலும் வழவழவென்று மின்னியது. அதற்கு மேலே வெறும் சொரசொரப்பு. சென்னையில் நல்ல ஃப்ளாட்டுகளில் சுவரின் கீழ்ப்பகுதியில் அழுக்குப் படாமல் இருக்க சிமெண்ட் பால் விட்டு இழைத்திருப்பார்கள். அதற்கு டேடோ என்று பெயர். மலை உச்சியில் ஒரு புளி கோடவுனுக்கு டேடோ போட்டவனை நான் கையெடுத்துக் கும்பிட வேண்டும் என்று நினைத்தேன்.

"மாணிக்கம், இது டேடோவா?"

மாணிக்கம் சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார்.

"ஆமா சார். அதான். டேடோ."

"சுத்தியுமா?"

"சுத்தியும் சார். ஒரு பக்கம் வுடல."

"மெயின்டனன்ஸ் எப்படி? வருசத்துக்கு ஒரு தபாவா?"

"தெனத்துக்கும் நடக்குது சார்."

படிவத்தில் எழுதினேன்: 'வெளிச்சுவர் டேடோ, மூன்றடி, மிக நேர்த்தி. பராமரிப்பு தினசரி.' அதன் கீழ் இரண்டு கோடும் போட்டேன்.

உள்ளே தரை முதல் கூரை வரை புதுச் சுண்ணாம்பு. என் படிவத்தின் பத்தொன்பதாம் கேள்வியே புதுச் சுண்ணாம்பைச் சந்தேகப்படு என்பதுதான். கேட்டேன். "சார் வர்றீங்கன்னு அடிச்சேன்" என்றார் மாணிக்கம். மரியாதை தெரிந்த மனிதர் என்று அதற்கும் டிக் அடித்தேன்.

4. சுண்ணாம்பு, மிளகாய், தார்

முதல் நாள் ஆடுகள் போன பிறகு ரோசி மறுபடி பாத்திரங்களை எடுத்து வைக்க ஆரம்பித்தாள். அடுத்த நாள் காலை அவள் கிணற்றுக்குப் போன நேரம் பார்த்து, வெளியே போய், இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சுவரில் நாக்கை வைத்தேன். ஊறுகாய் ஜாடியை நக்கியதுபோல் இருந்தது. நிமிர்ந்தால் குடத்தோடு ரோசி நிற்கிறாள்.

"இன்னாங்க, நீங்களுமா?" என்றாள்.

கொட்டை எடுத்த புளியில் புழு வராமல் இருக்க உப்புப் போட்டுத்தான் அடைத்து வைப்பார்கள். வருடக்கணக்கில் அந்தப் புளியையும் உப்பையும் சுவரோடு சுவராக அடுக்கியதில், சுவர் முழுக்க உப்பைக் குடித்துவிட்டது. மேய்ச்சல் ஆட்டுக்கு உப்பு என்றால் உயிர். என் டேடோவை இழைத்தது அவற்றின் நாக்குகள். மூன்றடி என்று நான் எழுதியது வெள்ளையம்மாவின் கிடாயின் உயரம்.

ஆடு நக்கினால் நக்கிவிட்டுப் போகட்டும் என்று இருந்திருக்கலாம். மூன்றாம் நாள் சாரல் பிடித்தது. காற்றில் ஈரம் ஏற ஏற உப்பு அதை இழுத்தது. சுவர் வியர்க்க ஆரம்பித்தது. புதுச் சுண்ணாம்பு அப்பளம் அப்பளமாக உதிர்ந்தது. தீக்குச்சி பற்றவில்லை. டிரங்குப் பெட்டியின் அடி துருப்பிடித்தது. சுவரோரம் கிடந்த பாய் நனைந்து, ரோசியின் புடவையில் உப்புக் கோடு விழுந்தது.

நான் இன்ஜினீயரிங் படித்தவன். சும்மா இருப்பேனா? வெளிச்சுவருக்குக் கெட்டியாகச் சுண்ணாம்பு அடித்தேன். சுண்ணாம்பு ஆட்டுக்குப் பிடிக்கும் என்பது அன்று மாலை தெரிந்தது. நான்காம் நாள் மிளகாய்த் தூளைக் கரைத்துப் பூசினேன். ஆடுகள் தும்மிக்கொண்டே நக்கின. நாங்களும் இரண்டு நாள் தும்மினோம். எங்களுக்கு நக்குகிற லாபம்கூட இல்லை.

ஐந்தாம் நாள் எனக்குப் பெரிய யோசனை வந்தது. ரோடு வேலையில் தூக்கிப் போட்ட தார் பீப்பாய்களின் அடியைச் சுரண்டி, காய்ச்சி, வெளிச்சுவர் முழுக்க இடுப்பளவுக்குப் பூசினேன். மலைக் குளிரில் தார் காயவே இல்லை. ஐந்தரைக்குக் கிடா முதலில் வந்து வாயை வைத்தது. வைத்த வாய் வைத்தபடி நின்றுவிட்டது. தாடி சுவரோடு ஒட்டிக்கொண்டது.

வெள்ளையம்மா ஓடி வந்தார். கத்தவில்லை. கிடாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார் படிச்சவருதானே?" என்று ரோசியிடம் கேட்டார்.

"ஓவர்சீயருக்குப் படிச்சிருக்காரு" என்றாள் ரோசி.

ரோசியின் தேங்காயெண்ணெய் பாட்டில் முழுவதும் காலியானது. அவள் கிடாயின் தலையைப் பிடித்துக்கொள்ள, வெள்ளையம்மா எண்ணெய் விட்டுத் தாடியை மெல்ல மெல்லப் பிரித்தார். ஒரு மணி நேரத்தில் கிடா விடுதலையானது. பெண்கள் இருவரும் அதற்குள் ஒருவருக்கொருவர் எல்லாக் கதையும் சொல்லி முடித்திருந்தார்கள். எனக்கு எண்ணெய் பாட்டிலைப் பிடிக்கிற வேலை மட்டும் கொடுத்தார்கள்.

வினை அதோடு தீரவில்லை. வெளியே தார் அடைத்துவிட்டதால் சுவரில் இருந்த ஈரமும் உப்பும் வெளியே போக வழியின்றி, எல்லாம் உள்பக்கமாகத் திரும்பிவிட்டன. ஆறாம் நாள் காலை சோற்றுப் பானையில் ஒரு கை அகலத்துக்குச் சுண்ணாம்பு விழுந்தது. இது நடக்கும் என்று ஒரு டிப்ளமோக்காரனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

ரோசி பானையை எடுத்து வெளியே கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"இன்னும் நாலு நாள் கீது. நான் போளூருக்கே போய்டட்டா?" என்றாள்.

அவள் கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். களைத்துப் போய்க் கேட்டாள்.

5. உள்பக்க டேடோ

அன்று மதியம் வெள்ளையம்மா வந்தார். மேய்ச்சலுக்கு மகனை அனுப்பியிருந்தார்.

"டீச்சரம்மா ஊருக்குப் போறாங்களாமே" என்றார்.

"சுவரு சரியாவலம்மா" என்றேன்.

"எப்பிடி ஆவும்? உப்பு போவ வழி வுடாம அடைச்சி வெச்சிட்டீங்க. அது வெளிய வந்தாத்தானே போவும்? எங்க வூட்லயும் புளி வெக்கிற மூலைக்கு இதே ரோதனைதான். ஈரமண்ணுல சாணியக் கலந்து தடிமனா அப்பிவுட்டு, பக்கத்துல கங்கு வெச்சிக் காயவெப்போம். உப்பு மண்ணுக்கு வந்துடும். அப்புறம் ஆட்ட உள்ள வுடுவோம்."

"உள்ளயா?"

"பின்ன யாரு நக்குறது, நீங்களா?"

ரோசி சிரித்துவிட்டாள். மலைக்கு வந்த பிறகு அவள் சிரித்தது அன்றுதான். நான் சுவரை நக்கிய கதையை அவள் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

முதலில் நான் பூசிய தாரை நானே சுரண்டினேன். ரோசியும் வெள்ளையம்மாவும் உள்சுவருக்கு மண் அப்பினார்கள். அறைக்கு இரண்டு சட்டிக் கங்கு வைத்தோம். மறுநாள் மண்ணின் மேல் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்துவிட்டது. சாமான்களை முற்றத்தில் போட்டுத் தார்ப்பாய் போர்த்திவிட்டு, ஆடுகளை உள்ளே விட்டோம்.

ஒரே நேரத்தில் முப்பதும் நுழைந்து நெரித்ததில் தடுப்புச் சுவரே ஆடியது. அப்போது ரோசிக்குள் இருந்த டீச்சர் வெளியே வந்தாள். வாசலில் நின்று, அறைக்கு எட்டெட்டாக எண்ணி விட்டாள். நக்கி முடித்தவற்றைப் பின்வாசல் வழியாக வெளியேற்றி, அடுத்த எட்டை அனுப்பினாள். ஒரு வெள்ளாடு மட்டும் திரும்பத் திரும்ப வரிசையில் வந்து நின்றது. மூன்றாம் முறை அதைக் கண்டுபிடித்து முட்டி போடச் சொல்லாத குறையாக வெளியே நிறுத்தினாள்.

மூன்றடிக்கு மேல் எப்படி எட்டும் என்பது அடுத்த பிரச்சினை. அதற்கு நான் வழி கண்டேன். கட்டிலைச் சுவரோரம் போட்டு, அதன்மேல் என் டூல்ஸ் பெட்டியை வைத்தேன். வெள்ளாடு ஏறாத இடம் உண்டா? ஏறி நின்று ஐந்தடி வரை நக்கின. கட்டிலைச் சுவர் சுவராக நகர்த்துவது என் டியூட்டி. அளவுப் புத்தகத்தில் தேதி போட்டு, 'கிழக்குச் சுவர், நக்கிய உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம்' என்று எழுதிவைத்தேன். பழக்கதோஷம். ஜன்னலில் வைத்திருந்த என் படிவத்தை இதற்கிடையில் ஓர் ஆடு இருபத்துமூன்றாம் கேள்வி வரை தின்றுவிட்டது.

எட்டாம் நாள் பதினொரு மணி ஜீப்பில் மாணிக்கம் வந்தார். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கட்டில் மேல் டூல்ஸ் பெட்டி, டூல்ஸ் பெட்டி மேல் கிடா, கிடாயின் காலைப் பிடித்துக்கொண்டு நான்.

"சார், இன்னா சார் இது?"

"டேடோ போடுறோம் மாணிக்கம். உள்பக்கமும்."

"சுத்தியுமா சார்?"

"சுத்தியும். ஒரு பக்கம் வுடல."

மாணிக்கம் கொஞ்ச நேரம் கிடாயைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, கட்டிலின் மறுமுனையைப் பிடித்தார். ஒரு மணி ஜீப்பை விட்டுவிட்டு மறுநாள் ஜீப்பில்தான் இறங்கினார். அந்த மனிதர்மேல் எனக்கிருந்த கோபம் அன்றைக்குப் போய்விட்டது.

6. பத்தாம் நாள்

மூன்று முறை மண் அப்பி, மூன்று முறை நக்கவிட்டும் வடகிழக்கு மூலை மட்டும் காயவில்லை. வீடு முழுக்கச் சாணி வாசனை, ஆட்டு வாசனை. முற்றத்தில் கிடந்த பாயில் புழுக்கை. பத்தாம் நாள் மத்தியானம் நான் வீட்டைச் சுற்றி வந்து ஒவ்வொரு சுவராகத் தட்டிப் பார்த்தேன். பிறகு ஒரு தாளை எடுத்து எழுதினேன்: 'மேற்படி கட்டடம் ஆய்வு செய்யப்பட்டது. குடும்பத்தோடு குடியிருக்கத் தகுதியற்றது.' கையெழுத்தும் போட்டேன்.

என்னை நம்பி வந்தவளை ஒரு முறை ஏமாற்றியாயிற்று. இரண்டாம் முறை வேண்டாம் என்று தோன்றியது. பள்ளிக்கூடம் நாலு மணிக்கு மூடும். அதற்குள் அவள் கையெழுத்துப் போடாவிட்டால் எல்லாம் முடிந்தது. போட்டுவிட்டால் இந்த வீட்டிலிருந்து அவளுக்கு விடுதலை கிடையாது.

தாளை ரோசியிடம் கொடுத்தேன். கையில் மண்ணோடு வாங்கிப் படித்தாள்.

"நெஜமாவே பாத்துதான் எழுதினீங்களா?" என்றாள்.

"பாத்துதான் எழுதினேன். அந்த மூலை சரியாவ இன்னும் ஒரு மழைக்காலம் ஆவும். நீ போளூருக்குப் போ. நான் சனிக்கிழமை சனிக்கிழமை வர்றேன்."

ரோசி தாளை மடித்து, ஈர மூலையில் சுவருக்கும் கட்டில் காலுக்கும் நடுவில் அண்டை கொடுத்தாள். கட்டில் ஆடாமல் நின்றது. கிணற்றடிக்குப் போய் முகம் கழுவி, புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

"எங்க போற?"

"ஸ்கூலுக்கு."

"ரோசி, வூடு இன்னும் சரியாவல."

"தெரியுது. மூணு வருசமா எனக்குப் புருசன் லெட்டர்ல இருந்தாரு. வூடு நல்லாத்தான் இருந்துது, ஓதம் இல்ல, ஆடு இல்ல. இப்ப ஆட்டுப் புழுக்கையோட புருசன் கீறாரு. எனக்கு இது பரவால்லங்க."

அவள் வரப்பில் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் வெள்ளையம்மா நின்றிருந்ததால், கங்குச் சட்டிப் புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நாலு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ரோசி கையெழுத்துப் போட்டாள். அந்த வீட்டில் மூன்று வருடம் இருந்தோம். மாலை ஐந்தரை மணிக்கு ஆடுகள் வரவில்லை என்றால் ரோசிக்கு வேலை ஓடாது.

7. இளைஞர்களுக்கு

எண்பதுகளில் மறுபடி சென்னைக்கு வந்தேன், மறுபடி பழைய ஃப்ளாட்டுகள். இந்த முறை ரோசிக்கும் கூடவே மாறுதல் கிடைத்தது. வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது இவ்வளவுதான். வீட்டுக்காரர் கூப்பிடும் நேரத்தில் ஒரு முறை போங்கள், கூப்பிடாத நேரத்தில் ஒரு முறை போங்கள். பக்கத்து வீட்டுக்காரர் வெளியே போயிருந்தால் வரும்வரை உட்கார்ந்திருங்கள். முன்பு இருந்தவர் ஏன் போனார் என்று கேட்பதோடு, எத்தனை நாள் இருந்தார் என்றும் கேளுங்கள். ரொம்ப மரியாதையாகச் சுண்ணாம்பு அடித்திருந்தால் சுவரில் நாக்கை வைத்துப் பாருங்கள். எனக்கு அது பழக்கமாகிவிட்டது. மயிலாப்பூரில் ஒரு வீட்டுக்கார அம்மாள் நான் நக்குவதைப் பார்த்துவிட்டு, "பசியா இருந்தா இட்லி இருக்கு சார்" என்றார். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

ஒரு முறை எங்கள் துறையிலேயே புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு பழைய ஃப்ளாட்டைப் பார்க்க என்னைக் கூட்டிப் போனார்கள். கட்டில் ஏறவில்லை. இரண்டு குழாய் திறந்தால் மூன்றாவது வரவில்லை. படுக்கையறைச் சுவர் வாயில் வைத்தால் உப்புக் கரித்தது. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். அந்தப் பையன் முகம் தொங்கிவிட்டது. அந்தப் பெண் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"வேற வூடு கெடைக்குமா சார்?" என்றான்.

"இப்ப நீங்க எங்க இருக்கீங்க?" என்று கேட்டேன்.

"நான் மேன்சன்ல. இவங்க அவங்கம்மா வூட்ல. ஒரு வருசமாச்சி சார்."

நான் பேனாவை மூடிப் பையில் வைத்தேன்.

"நாளைக்கே குடி வந்துடுங்க. கட்டிலப் பிரிச்சி ஏத்திக்கலாம். செவுத்துக்கு நான் மருந்து சொல்றேன். இந்தப் பக்கம் யாராவது ஆடு வளக்குறாங்களான்னு மட்டும் பாருங்க" என்றேன்.